ஒரு கிராமுக்கு இருபது லட்சம்

வேரோடு பிடுங்கிய தக்காளிச் செடிகளைச் சாக்கோடு தூக்கிவந்து பரிசோதனை மேசைமேல் கவிழ்த்தாள் அந்தப் பெண். காலையில்தான் ஸ்பிரிட் தொட்டு மூன்று முறை துடைத்த மேசை. மண்ணும் அழுகிய வேருமாகக் கண்ணாடித் தட்டுகளின் மேல் சிதறின. செடிகளின் அடித்தண்டு, மண்ணைத் தொடும் இடத்தில், நனைந்த அட்டை போலப் பழுப்பாகக் குழைந்திருந்தது. மேலே இலைகள் மட்டும் பச்சை மாறாமல் தொங்கின. கீழே நடந்தது இன்னும் அவற்றுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதுபோல.

"இந்தாங்கம்மா. உங்க பூஞ்சை காப்பாத்தின லட்சணத்தைப் பாருங்க."

உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். விவசாயிகள் சங்கத்தின் உயிர் உரக்கூடத்தில் பதினேழு வருடமாக வேலை. அவளுக்குப் பெயர் ஒன்று உண்டு, வருகைப் பதிவேட்டில் மட்டும். மற்றபடி சங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் அவள் தூள்காரம்மா. வேரை அழுக வைக்கும் கெட்ட பூஞ்சையைத் தின்று தீர்க்கிற நல்ல பூஞ்சை ஒன்று இருக்கிறது. அதை வளர்த்து, வெள்ளை மாவில் கலந்து, ஒரு கிலோ பாக்கெட்டாக அடைப்பதுதான் அவள் வேலை. ஒரு கிராம் தூளில் குறைந்தது இருபது லட்சம் உயிர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த இருபது லட்சத்தையும் தான் பெற்ற பிள்ளைகள் மாதிரிப் பேசுவாள் என்று வீட்டில் அவள் கணவர் கேலி செய்வதுண்டு.

ஆனால் அன்று, அழுகிய வேரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அவள் வாயில் முதலில் வந்தது சங்கத்தின் பேச்சுதான்.

"தண்ணி அதிகமா கட்டினீங்களோ?"

வந்தவள் காலிச் சாக்கை உதறிக் கீழே போட்டாள். அரை ஏக்கர்க்காரி. சங்கக் கூட்டத்துக்கு வருகிறவள். நன்மை செய்யும் பூஞ்சை பற்றித் தூள்காரம்மா பேசிய நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்விமேல் கேள்வி கேட்டு, கடைசியில் சரி என்று தலையாட்டியவள். எல்லாரும் அவளைத் தக்காளிக்காரி என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் முதல் பழம் பறிப்பது எப்போதும் அவள் நிலத்தில்தான்.

"பதினெட்டு வருஷமா தக்காளி போடுறேன். எனக்குத் தண்ணி கட்டத் தெரியாதுங்கிறீங்க."

"அப்படிச் சொல்லலைங்க..."

"அப்படித்தான் சொன்னீங்க. கடை மருந்தை வேர்ல ஊத்தாதீங்க, ஊத்தினா பூஞ்சை செத்துரும்னு சொன்னீங்களா இல்லையா? நான் ஊத்தலை. நான் மட்டுமா, எங்க தெருவுல பதினோரு பொம்பளைங்ககிட்ட சொல்லி அவங்களையும் ஊத்த விடலை. இப்ப அந்தப் பதினோரு பேரும் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க." இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, அழுகிய செடிகளின் மேல் போட்டாள். தூள் பெட்டியோடு வந்த தரச்சீட்டு. 'உயிர் எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. "இது உங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான்.

தக்காளிக்காரி போகும்போது, ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய பாக்கெட் ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடியில் இரண்டு கைப்பிடித் தூள் மிச்சம் இருந்தது. தூள்காரம்மா மேசையைத் துடைக்கவில்லை. தூளில் ஒரு கிராம் நிறுத்தாள், கொதித்து ஆறிய நீரில் கரைத்தாள், அந்தக் கரைசலைப் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து ஏழு தட்டுகளில் ஊற்றினாள். பதினேழு வருடத்தில் ஆயிரம் முறை செய்த வேலை. கை தன்பாட்டுக்குச் செய்தது. ஆனால் அலமாரிக்குள் தட்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்தியபோதுதான், தான் கேட்ட கேள்வி அவளுக்கே கேட்டது. தண்ணி அதிகமா கட்டினீங்களோ. ஏதாவது ஒன்று தப்பாகப் போனால் முதல் குற்றவாளி மண்ணில் நிற்கிறவள். அப்படி ஒரு பாடம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலி சொல்லித்தந்திருக்கிறது.

நாலாம் நாள் அலமாரியைத் திறந்தாள். அந்நேரத்துக்குத் தட்டு முழுக்கப் பாசிப்பச்சையாகப் பொங்கியிருக்க வேண்டும். ஆறு தட்டுகள் கழுவி வைத்தது மாதிரி இருந்தன. ஏழாவதில், ஓரமாக, இரண்டே இரண்டு பச்சைப் பொட்டுகள். பூச்சி எச்சம் மாதிரி.

இருபது லட்சத்துக்கு இரண்டு.

அவள் கையை விட்டுப் போனபோது அந்தச் சரக்கு உயிரோடுதான் இருந்தது. அதற்கு அவளிடம் எண்ணிக்கைக் குறிப்பு இருக்கிறது. அப்படியானால் இடையில் என்ன நடந்தது? வினியோகத்துக்கு முன் இன்னொரு முறை எண்ணிப் பார்த்து நிரப்ப வேண்டிய அந்தச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தவள் அதுவரை தேதியைப் பார்த்திருக்கவில்லை. பார்த்ததும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அந்தத் தேதியில் அவள் இங்கேயே இல்லை. மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்த தேதி அது.

இருபது நாள் லீவு கேட்டுப் போய் நின்றபோது மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க மேடம். பொண்ணுதான் முக்கியம். ஒரு இருபது சீட்டுல கையெழுத்து மட்டும் போட்டு வச்சிட்டுப் போங்க. வேலை நிக்கக் கூடாது பாருங்க." எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், வெற்றுச் சீட்டுகளில் மளமளவென்று போட்ட இருபது கையெழுத்து.

ஸ்டோர்காரரைப் பிடித்தாள். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும் மனிதர். எதற்கும் நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"அந்தச் சரக்கைக் குளிர் அறையிலதானே வச்சீங்க?"

"குளிர் அறையில இடம் ஏதும்மா? புதுக் கட்டடத் திறப்புக்கு வாங்கின நாற்காலி, மேடை சாமான், கம்பளம், எல்லாம் அதுக்குள்ளதானே கிடந்துச்சு. கம்பளம் சில்லுனு இருந்துச்சு, போங்க."

"அப்ப தூளு?"

அவர் பின்பக்கத் தகரக் கொட்டகையை மோவாயால் காட்டினார். நடு வெயிலில் அதன் கதவுப்பிடியைத் தொட முடியாது. துணி சுற்றித்தான் திறக்க வேண்டும்.

"எத்தனை நாளு?"

"ஆறு வாரம் இருக்கும். திறப்புக்கு வர்ற விருந்தாளி கையாலதான் தூளைக் கொடுக்கணும்னு ரிப்பன் சார் ஒத்தைக் கால்ல நின்னாரு. விருந்தாளிக்குத் தேதி கிடைக்கலை. நான் என்னம்மா பண்றது? தூளு என்கிட்ட வந்து வேர்க்குதுன்னா சொல்லுச்சு?"

மேனேஜருக்கு அவர் முதுகுக்குப் பின்னால் ரிப்பன் சார் என்று பெயர். ஒரு பைப்பைத் திறந்தாலும் ரிப்பன் கட்டித் திறக்கிறவர். தூள்காரம்மாவும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவள்தான். அன்று சிரிப்பு வரவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அதே சரக்கில் இன்னும் நானூறு பாக்கெட், கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்தது. அடுத்த வாரம் அடுத்த நடவுக்குப் போக வேண்டியவை. எல்லாவற்றின் மேலும் புதுத் தேதி முத்திரை. தன் கையை விட்டுப் போன பிறகு சரக்கு எங்கே போகிறது, எங்கே கிடக்கிறது என்று பதினேழு வருடத்தில் ஒரு நாளாவது இந்தக் கொட்டகைப் பக்கம் வந்து பார்த்தோமா என்று யோசித்தாள். வந்ததில்லை.

மேனேஜர் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"செத்துப்போன தூளைக் கொடுத்திருக்கோம் சார்."

"தூள் எங்கயாவது சாகுமா மேடம்?" என்று சிரித்தார். அவள் ஏழு தட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். அவற்றை அவர் பார்த்த விதம், யாரோ சாப்பிட்டு வைத்த தட்டைப் பார்ப்பதுபோல இருந்தது. "சரி, செத்தே போச்சுன்னு வச்சுக்குவோம். யாருக்கு என்ன கெடுதல்? விஷமா கொடுத்தோம்? வெறும் மாவு. மண்ணுல போட்டா மண்ணோட போகுது."

"கிணத்துல விழுந்தவனுக்கு நூலைக் கயிறுன்னு சொல்லி வீசிட்டு, நூலு யாரையும் கொல்லாதுங்கிறீங்க சார். அந்தம்மா நம்ம பேச்சைக் கேட்டு மருந்து ஊத்துறதை நிறுத்தினாங்க. இந்தத் தூள் இருக்குன்னு நம்பி நிறுத்தினாங்க."

"அவங்க தண்ணி அதிகமா கட்டியிருப்பாங்க."

அதே வாக்கியம். வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது. 

"அப்படி ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துடுங்க. மிச்ச நானூறும் போயிடட்டும். அடுத்த சரக்கை நீங்க சொல்ற மாதிரியே குளிர்ல வச்சுக்கலாம்." அவள் தலையாட்டாமல் நிற்பதைப் பார்த்து, டிராயரைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "யோசிச்சுப் பேசுங்க மேடம். இதுல இருக்கிறது யார் கையெழுத்து?"

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வழி நெடுக அவளுக்குக் கோபம்தான். மேனேஜர்மேல், ஸ்டோர்காரர்மேல், வராத விருந்தாளிமேல், நாற்காலிகள்மேல். எல்லாரையும் திட்டித் தீர்த்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது யாருக்கு என்று பார்த்தால், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மளமளவென்று கையெழுத்துப் போட்ட ஒருத்திக்கு.

தக்காளிக்காரி நிலத்தில் இருந்தாள். பாதி வரிசைகள் ஏற்கெனவே வெறும் குச்சிகளாக நின்றன. செடி போய்விட்டது, கட்டிய ஊன்றுகுச்சி மட்டும் இருந்தது. தூள்காரம்மா வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகை, ஆறு வாரம், வெற்றுச் சீட்டு, தட்டில் இருந்த இரண்டு பொட்டு. எதையும் விடவில்லை.

கேட்டு முடித்த தக்காளிக்காரி கையிலிருந்த களைக்கொத்தைத் தரையில் வீசினாள். அது ஒரு கல்லில் பட்டுத் தெறித்தது.

"படிக்காமலே கையெழுத்துப் போட்டியா நீ?" அதுவரை 'நீங்க' என்றவள் 'நீ' என்றாள். "நான் படிக்காதவ. எங்கயாவது கைநாட்டு வைக்கச் சொன்னாக்கூட நாலு பேர்கிட்டக் காட்டிட்டுத்தான் வைப்பேன். நீ படிச்சவ, வெறும் காகிதத்துல போட்டிருக்க. உன் வீட்டுப் பத்திரமா இருந்தா இப்படிப் போட்டிருப்பியா?"

தூள்காரம்மா களைக்கொத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள். தக்காளிக்காரி அதை வாங்கவில்லை.

"மன்னிப்புக் கேக்கவா வந்த? கேட்டுட்டுப் போ. என் செடி எந்திரிச்சு நிக்கும்."

"மன்னிப்புக் கேட்க வரலை. அடுத்த வாரம் மிச்ச நானூறைக் கொடுக்கப் போறாங்க. அதை யாரும் வாங்கிடக் கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

"நான் சொன்னா எவ கேப்பா? ஒரு தடவை நம்பச் சொல்லிக் கெடுத்தவ, இப்ப நம்பாதேன்னு சொன்னா?" தக்காளிக்காரி வரப்பில் உட்கார்ந்தாள்.  தலையைத் தூக்கிக் கேட்டாள், சண்டைக்குக் கேட்பதுபோலவே. "கண்ணுக்கே தெரியாத ஒண்ணு உசிரோட இருக்கா இல்லையான்னு நீங்க எல்லாம் கண்ணாடித் தட்டை வச்சுப் பாக்குறீங்க. நாங்க எதை வச்சுப் பாக்குறது? உங்க கையெழுத்தை வச்சா?"

பதினேழு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அதைவிட மோசம், அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் படம் காட்டினாள், பாக்கெட் கொடுத்தாள், கைதட்டல் வாங்கினாள். பார்க்கும் வழியை மட்டும் தன் அலமாரிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். அந்தப் பூஞ்சைக்கு என்ன பெரிய கண்ணாடித் தட்டு வேண்டியிருக்கிறது? வேகவைத்த எந்தத் தானியத்திலும் வளரும்.

"வீட்டுல ரெண்டு டம்ளர் இருக்குமா?"

"எதுக்கு, காபி போடவா?"

"ரெண்டையும் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. சுடுசோறு எடுத்து ரெண்டுலயும் பாதி அளவு போடுங்க. ஆறினதும் ஒண்ணுல மட்டும் ஒரு சிட்டிகை தூள். இன்னொண்ணுல எதுவும் வேண்டாம். வெள்ளைத் துணியைக் கொதிக்க வச்சுப் பிழிஞ்சு ரெண்டோட வாயையும் கட்டிடுங்க. வெயில் படாத மூலையில வைங்க. நாலாம் நாள் அவிழ்த்தா, தூள் போட்டது மட்டும் பச்சைப்பசேல்னு பூத்திருக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, அது வெறும் மாவு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதை முதல் கூட்டத்துலயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"



வினியோக நாளன்று சங்க வாசலில் கூட்டம். மேனேஜர் முதல் பாக்கெட்டைப் படம் எடுக்க வாகாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தக்காளிக்காரிதான் முதலில் எழுந்தாள். ஆளுக்கு ஒரு பாக்கெட் மட்டும் இப்போது வாங்கிக்கொள்கிறோம், நாலு நாள் கழித்து மிச்சத்தை வாங்குவோம் என்றாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர்தான் எழுந்தார்கள். மற்ற நாலு பேர் இன்னும் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே சரி என்றார். பொம்பளைங்களுக்கு ஏதோ சந்தேகம், தீர்த்துக்கிடட்டும் என்றார்.

நாலு நாள் கழித்து எட்டுப் பேரும் பதினாறு டம்ளரோடு வந்து, அலுவலகப் படியில் ஜோடி ஜோடியாக வைத்துத் துணியை அவிழ்த்தார்கள். கெட்டுப்போன சோற்று வாடை வராந்தா முழுக்க அடித்தது. சிலவற்றில் கறுப்புப் பூசணம், சிலவற்றில் மஞ்சள் நீர். ஆனால் எந்த ஜோடியை எடுத்தாலும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பச்சை ஒன்றில்கூட இல்லை. நடவுக்குத் தூள் வாங்க வந்திருந்தவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் அடுப்படி வேலைம்மா. விஞ்ஞானம் இல்லை," என்றார் மேனேஜர். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உள்பக்கம் திரும்பி, "மேடம், வெளியில வாங்க. நம்ம நிபுணர் நீங்கதான். நீங்களே சொல்லுங்க. எல்லாரும் பாருங்க, அவங்க கையெழுத்துப் போட்ட தரச்சீட்டே இருக்கு," என்று அதைத் தலைக்குமேல் பிடித்தார்.

தூள்காரம்மா வெளியே வந்தாள்.  அந்தச் சீட்டு அவர் கையில் ஆடுவதைப் பார்த்ததும் கோபம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். வெறும் சோற்றைக் காட்டி அதில் பூசணிக்காய் இருக்கிறது என்று தன்னைக் கொண்டே சொல்ல வைக்கப் பார்க்கிறார் இந்த மனுஷன்.

"அந்தக் கையெழுத்து என்னோடதுதான்," என்றாள். "வெறும் சீட்டுல போட்டது. அதுல இருக்கிற தேதியில நான் இந்த ஊர்லயே இல்லை. எண்ணிப் பாக்காம எண்ணினேன்னு எழுதிக் கொடுத்தது என் தப்பு. இந்தத் தூள் செத்துப்போச்சு. தகரக் கொட்டகையில ஆறு வாரம் வெந்து செத்துப்போச்சு. போய்ப் பாருங்க, மிச்சமும் அங்கதான் இருக்கு. அவங்க டம்ளர் சொல்றதுதான் விஞ்ஞானம்."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ மேனேஜரைக் கேட்டார்கள், யாரோ கொட்டகைப் பக்கம் ஓடினார்கள். ஒரு பெரியவர் நேராக அவளிடம் வந்து, "உன்னை நம்பித்தானேம்மா வாங்கினோம்," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பாக்கெட்டைக் கிழித்து அவள் காலடியில் கொட்டினார். வெள்ளை மாவு அவள் செருப்பை மூடியது. அவள் நகரவில்லை.

ஒரு வாரத்தில் நானூறு பாக்கெட்டும் 'பேக்கிங் குறைபாடு' என்று திரும்பப் பெறப்பட்டது. அவளுக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. காரணம்: பரிசோதனை செய்யாமல் தரச்சீட்டுகளில் கையெழுத்திட்டது. திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேனேஜரின் பெயர் அந்தக் காகிதத்தில் ஒரே இடத்தில் இருந்தது. கீழே, உத்தரவிட்டவர் என்ற இடத்தில்.

கிளம்பும்போது நல்ல பூஞ்சை வளர்ந்த ஒரே ஒரு சோதனைக்குழாயைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். திருட்டுதான். வீட்டு பிரஷர் குக்கரில் சோறு வேகவைத்து, ஆறவைத்து, பாலிதீன் பைகளில் அடைத்து, அந்தக் குழாயிலிருந்ததைக் கலந்து சமையலறை அலமாரியில் அடுக்கினாள். "மனுஷனுக்கு வடிக்கிற குக்கர்ல பூஞ்சைக்கு வடிக்கிறா. நாளைக்குப் பந்தியில யாரு முதல்ல உக்காரணும், நானா அதுவா?" என்றார் கணவர். சொன்னாரே தவிர, அலமாரிக்கு வெயில் படாமல் ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டியது அவர்தான். பத்தாம் நாள் பைகள் பச்சையாகப் பொங்கியிருந்தன.

ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தக்காளிக்காரி வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அழுகிய செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு அந்த இடத்தில் புது நாற்று நட்டிருந்தாள். பையை வாங்கி, முகர்ந்து பார்த்து, உள்ளே போய் இரண்டு டம்ளரைக் கொதிக்க வைத்தாள்.

"இதுல கையெழுத்து இல்லையே?" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டு.

"இல்லை."

"அப்ப நாலு நாள் கழிச்சு வா."

நாலு நாள் கழித்துப் போனாள். டம்ளர்கள் வாசல்படியில் இருந்தன, துணி ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. ஒன்றில் சோறு ஊசிப்போய் மஞ்சள் நீர் விட்டிருந்தது. இன்னொன்றில் விளிம்பு வரைக்கும் பச்சை.  தக்காளிக்காரி பையை எடுத்துக்கொண்டு நிலத்துக்கு நடந்தாள், இவள் பின்னால் போனாள். முதல் வரிசையின் நடுவில் குந்தி உட்கார்ந்து, ஒரு நாற்றின் வேரடியைக் கையால் விலக்கி, ஒரு பிடி போட்டு மூடினாள். அடுத்ததுக்கு ஒரு பிடி. அதற்கடுத்த இரண்டுக்கும் ஒவ்வொரு பிடி. அப்புறம் பையின் வாயை முறுக்கிக் கட்டினாள்.

"நாலு செடிக்குத்தான்," என்றாள். "மீதியைப் பணயம் வைக்க என்னால முடியாது."

தூள்காரம்மா ஒதுங்கி வரப்பில் ஏறி நின்றாள். 

தக்காளிக்காரி வரப்பில் இருந்த மருந்து டேங்கைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். வரிசையின் தலைமாட்டிலிருந்து ஒவ்வொரு நாற்றின் அடியிலும் குழாயை நீட்டி மருந்தை ஊற்றிக்கொண்டே வந்தாள். அதன் நெடி காற்றில் வந்து கண்ணைக் கரித்தது. அந்த நாலு செடிகள் வந்ததும் குழாயின் பிடியை விட்டு, முனையில் சொட்டும் துளி அவற்றின்மேல் விழாதபடி இன்னொரு கையைக் குவித்து அடியில் ஏந்தி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தாண்டினாள். கையில் தேங்கியதைத் தூர உதறினாள். ஐந்தாவது செடியில் மறுபடி பிடியை அழுத்தினாள்.